பாறையில் இரண்டு மணி நேரம்

பாலசுப்ரமணியன் எதையும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. அதை அவருடைய குற்றம் என்று சொல்வதற்கும் இல்லை. இளம் வயதில் செகந்திராபாத்துக்கு இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போவார். கடைசிப் பஸ் போய்விடுமே என்று சண்டைக் காட்சிக்கு முன்பே எழுந்துவிடுவார். அவர் பார்த்த படங்களின் வில்லன்கள் எல்லாரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். மாலை நேர எம்.டெக். சேர்ந்தார், அப்பா படுக்கையில் விழுந்தார், புத்தகங்கள் பரண் ஏறின. ஆலையின் சதுரங்கப் போட்டியில் அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒரு சர்க்யூட் போர்டு தகராறு செய்கிறதென்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அன்று அவர் பக்கம் ஒரு குதிரை கூடுதலாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கோப்பையோடு நிற்கும் படம் கான்டீன் சுவரில் வெகுநாள் தொங்கியது.

"எங்க கல்யாணத்துல நலங்கு நடக்கறச்சேயே எழுந்து போனவராக்கும்," என்பாள் ருக்மிணி, வீட்டுக்கு யார் வந்தாலும். "தேங்காய் உருட்டிண்டிருக்கோம், டிரங்க் கால்னு யாரோ வந்து சொன்னா. அப்புறம் நான் மட்டும் தனியா உருட்டினேன்."

அவரும் சேர்ந்து சிரிப்பார். ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட மின்னணு ஆலையில் அவருக்குப் பரிசோதனைப் பிரிவு. யாரோ தொடங்கி யாரோ முடித்த பலகைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து முத்திரை குத்துவது வேலை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

ருக்மிணி ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்கு வெளியே பண்டசெருவு என்று ஓர் ஏரி. பண்ட என்றால் தெலுங்கில் பாறை. பேருக்கு ஏற்றபடி மூன்று பக்கமும் கருங்கல். கரையில் ஒரு கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம். அந்தப் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விட்டன. "அம்மான்னு எழுதினியா?" என்று தமிழில் கேட்டால், "ஹவ் ஆன்ட்டி, அயிபோயிந்தி," என்று, ஆமாம் உருதுவிலும் முடிந்துவிட்டது தெலுங்கிலுமாக, இரண்டு மொழிகளில் பதில் வரும். ஏழு மணிக்கு அவளை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு அழைத்துப்போவது பாலசுப்ரமணியனின் பொறுப்பு. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏரியைச் சுற்றி நடப்பதாக ஏற்பாடு.

இரண்டு வாரம் நடக்கவும் செய்தார். மூன்றாவது வாரம், தை மாதக் குளிரில், பாறைமேல் குல்லாய் போட்ட ஒருவர் போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்து நின்றுவிட்டார். அந்த மனிதரின் முன்னால் தண்ணீரில், தூண்டிலுக்குத் தக்கையாக, ஒரு மயில் இறகுத் தண்டு செங்குத்தாக நின்றது. ஏரி முழுவதும் அசைய, அது மட்டும் அசையவில்லை.

"தமிழா?" என்றார்.

"காயல்பட்டணம். நீங்க?"

"பூர்வீகம் கும்பகோணம் பக்கம். பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான்."

"அப்ப ஹைதராபாதின்னு சொல்லுங்க."

"மீன் கிடைக்கறதா?"

"பேசாம இருந்தாக் கெடைக்கும்."

பாலசுப்ரமணியன் பேசாமல் இருந்தார். உட்கார்ந்தும் விட்டார். அன்றைக்கு நின்ற நடைதான்.

அந்த மனிதர் அப்துல் காதர். பேகம்பேட்டில் ஒரு டயர் கம்பெனியின் ஆபீஸில் கணக்கர். குடும்பம் ஊரில் இருந்தது. அமீர்பேட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருக்கே சொந்தம். விடிவதற்குள் வந்து சாயங்காலம்வரை இருப்பார். மீன் கட்லாதான்; தலை பெருத்து, வாய் மேல்நோக்கிய, கெண்டை ஜாதியில் பெரிய மீன். பண்டசெருவில் கட்லாக்கள் குறைவு, ஆனால் இருப்பதெல்லாம் கிழங்கள். கோயிலுக்கு வருபவர்கள் போடும் பொரியிலும் ரொட்டியிலும் வயிறு நிறைந்து, தூண்டிலை ஏறெடுத்தும் பார்க்காதவை. தண்ணீரோ கண்ணாடி. அடியில் வருஷாவருஷம் கரைத்த பிள்ளையார்களின் இரும்புக் கூடுகள், மண் போனபின் கம்பி மட்டுமாகக் கிடந்தன. தூண்டில் முள் அவற்றில் மாட்டினால் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, அறுக்க வேண்டியதுதான்.

"உங்க சாமிதான் பிடிச்சுக்கிட்டாரு," என்பார் காதர், பாலசுப்ரமணியன் ஒவ்வொரு முறை நரம்பை அறுக்கும்போதும். "கேட்டு வாங்கிக்குங்க."

இரண்டே மாதத்தில் பாலசுப்ரமணியனிடம் ஒரு தூண்டில் கம்பும் ரீலும் சேர்ந்திருந்தன. அவை கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வசித்தன. புழு தொடமாட்டார்; முள்ளில் வெறும் மாவுதான். காதர் அதற்குச் சைவத் தூண்டில் என்று பெயர் வைத்தார். "பிடிச்சு என்ன செய்வீங்க சாமி?" என்று ஒருநாள் கேட்டார்.

"விட்டுடுவேன்."

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

பாலசுப்ரமணியன் முள்ளில் இருந்த மாவை மறுபடி உருட்டினார். "கீழ இருக்குன்னு தெரியறது. ஒரு தடவை பாத்துடணும் பாய். என் கையால."

அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை.

தூண்டில் போடுமுன் மீனை அந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும். அதற்கு எறியும் மசாலா மாவைப் பாறையில் எல்லாரும் சாரா என்றார்கள். ஒவ்வொருவரும் தம் சாராவில் என்ன சேர்க்கிறோம் என்பதைச் சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். பாலசுப்ரமணியன் தவிடும் கடலைப் புண்ணாக்கும் வாங்கினார். வறுத்த வெந்தயமும் கட்டிப் பெருங்காயமும் வீட்டிலிருந்து நகர்ந்தன.

"கார்ல யார் வத்தக்குழம்பு வெச்சா?" என்று ருக்மிணி கண்ணாடியை இறக்கினாள்.

பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. சாரா போட்டவனுக்கே இடம். அவன் நரம்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் உட்காரலாம். ஆனால் அங்கே விழும் முதல் மீனைச் சாரா போட்டவனுக்குத் தெரிவித்துவிட வேண்டும், அவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அப்துல் காதர் இந்த விஷயத்தில் தொழுகைபோலக் கண்டிப்பானவர். பாலசுப்ரமணியன் ஏழேகாலுக்கு வந்து சாரா எறிவார். ஒன்பதுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் கடுகு தாளித்ததுபோல் பொடிக் குமிழிகள் எழும். கீழே ஏதோ வந்திருக்கிறது. அப்போது அவர் எழுந்து போக வேண்டும். மதியம் ரசம் சாதத்தில் கை வைக்கும்போது போன் அதிரும். படம் வரும்: காதரின் மடியில் கட்லா. கீழே, "உங்க இடம். 11 மணி. வேணுமா?"

பாலசுப்ரமணியன் அப்பளத் தட்டைப் போன்மேல் நகர்த்தி வைப்பார்.

"யாரு?" என்பாள் ருக்மிணி.

"ஆபீஸ்."

"ஞாத்திக்கிழமைகூடவா?"

பங்குனி போய், வெயில் போய், மழை வந்தது. நான்கு பேர் அவர் சாராவில் மீன் பிடித்துவிட்டார்கள். ஒருவர் நன்றிகூடச் சொன்னார். பாலசுப்ரமணியன் பலகையில் கோளாறு தேடுவதுபோல் தேடினார். கோளாறு மீனில் இல்லை, மாவில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. வாசனை ஆழத்தில் பரவி, கிழட்டு மீன் கேள்விப்பட்டு, யோசித்து, கிளம்பி வருவதற்கு மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகிறது. அவரிடம் இருப்பது இரண்டு.

"அவ்வளவுதானே?" என்றார் காதர். "நான் விடியக்காலம் வர்றேன்ல, உங்களுக்கும் சேத்து எறிஞ்சுடறேன்."

"அப்போ அது உங்க சாரா பாய். மீனும் உங்களுது."

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

காதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யமாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்று தன் தக்கையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஆலை விட்டதும் பாலசுப்ரமணியன் நேரே ஏரிக்கு வண்டியை விட்டார். பொடி மீன்கள் தின்று தீர்க்காமல் இருக்க மாவைப் புற்று மண்ணோடு கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக எறிந்தார். ராத்திரி முழுவதும் கரைந்துகொண்டிருக்கும். காலையில் மீன் அங்கேயே காத்திருக்கும். நடக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமையும் நடக்க ஆரம்பிச்சுட்டேளா," என்று ருக்மிணி மகிழ்ந்துபோய் அன்று இரண்டு தோசை கூடுதலாக வார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவற்றையும் தின்று முடித்தார்.

மறுநாள் ஏரியை நெருங்கும்போதே மேளம் கேட்டது. கரை முழுவதும் டிராக்டர்கள், கலர்ப் பொடி, பனைமர உயரப் பிள்ளையார்கள். ஒரு கிரேன் சரியாக அவருடைய பாறைக்கு எதிரே கையை நீட்டி நின்றது. அவர் வீட்டுக் களிமண் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாளே வாளியில் கரைந்து துளசிக்கு ஊற்றியாயிற்று. அதோடு பிள்ளையார் முடிந்துவிட்டதாக அவர் கணக்கில் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவருக்கு ஊர்ப் பிள்ளையார்கள் நினைவில் வரவே இல்லை.

அப்துல் காதர் தூண்டிலைப் பிரிக்காமல் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நேத்து வந்து எறிஞ்சீங்களா?"

"ஆமாம்."

"நல்லது. பிள்ளையார் சாப்பிட்டிருப்பாரு."

அதற்குப் பிறகு கோயில் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். தசரா முடிந்ததும் ஏரிக்கரையைச் சீர்படுத்தப் போகிறார்கள். பூங்கா வரும், நடைபாதை வரும். மீன் பிடிக்க இனி அனுமதி இல்லை. தசராவுக்காக ருக்மிணியின் வகுப்புக்கும் விடுமுறை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாலசுப்ரமணியனுக்கு ஒரே ஒரு ஞாயிறு மிச்சம்.

சனிக்கிழமை மறுபடி சாரா போட்டார். ருக்மிணி டிக்கியில் புற்று மண்ணைப் பார்த்துவிட்டு, "யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டாள். "பொதுவா," என்றார்.

அந்த ஞாயிறு மேகம் போட்டிருந்தது. கூடத்தில் ருக்மிணியை விட்டுவிட்டுப் பாறைக்கு வந்தபோது, முதல் முறையாக, அவர் எறிவதற்கு முன்பே தண்ணீரில் குமிழிகள் இருந்தன.  பட்டாணி அளவு மாவை முள்ளில் பொதித்து மெதுவாக வீசினார். தக்கை விழுந்து, படுத்து, எழுந்து நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. எட்டு மணி ஆயிற்று. ஒருமுறை தக்கை ஒரு நெல் அளவு உயர்ந்து மறுபடி இறங்கியது. அவர் சுண்டுவதற்குள் முடிந்துவிட்டது. குமிழிகள் தக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போய்வந்தன. மீன் வந்துவிட்டது, ஆனால் அதற்கு அவசரம் இல்லை. எட்டரை. எட்டே முக்கால்.

காதர் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூச்சத்தோடுதான் வந்தார். "சாமி, நேரமாச்சு. அம்மா காத்திருப்பாங்க."

பாலசுப்ரமணியன் தக்கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையால் ரீலின் கைப்பிடியைத் தொட்டார். இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடும். கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு எழுந்துக்கல பாய்."

"என்ன சொல்றீங்க?"

"எழுந்துக்கல."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ருக்கு, நான் வர நேரமாகும்."

"ஏன், கார்ல ஏதாவதா?"

"இல்ல. ஏரில மீன் பிடிச்சிண்டிருக்கேன்."

மறுமுனையில் அவள் பிள்ளைகளை இரையாமல் இருக்கச் சொன்னாள்.

"யாரு?"

"நான்தான்."

"என்ன பிடிக்கறேள்?"

"மீன்."

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"எத்தனை நாளா இது?"

"தைலேர்ந்து."

வைத்துவிட்டாள்.

காதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்படியா சொல்வீங்க? கொஞ்சம் பக்குவமா..." அவர் முடிப்பதற்குள் கோயில் பக்கமிருந்து குடையும் கைப்பையும் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளுமாக ருக்மிணி வந்துகொண்டிருந்தாள். பாறையில் செருப்பு வழுக்கியது. காதர் எழுந்து தன் முக்காலியைக் கைக்குட்டையால் தட்டி நகர்த்தினார்.

"வாங்கம்மா. நான் அப்துல் காதர்."

"அந்த ஆபீஸ் நீங்கதானா?" என்றாள் ருக்மிணி.

காதருக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. பாலசுப்ரமணியனின் காதுமடல் சிவந்தது. ஆனால் கண் தக்கையில்தான் இருந்தது. அவர் அப்படி ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்து அவள் பார்த்ததில்லை. திட்டுவதற்காக வைத்திருந்த வாக்கியங்களை அவள் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். அதற்குள் அவளுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"இப்போ இவர் கிளம்பி வந்துட்டா என்ன ஆகும்?" என்று காதரைக் கேட்டாள்.

"இடம் எனக்கு வரும்மா. கொஞ்ச நேரத்துல மீனும் வரும். வாரா வாரம் அப்படித்தான் நடக்குது. சாரா சாரோடது, மீன் ஊரோடது."

"வாரா வாரமா?"

"இனி தசராவுக்கு உங்க வகுப்பு லீவு, அது முடிஞ்சா ஏரியை மூடுறாங்க. சாருக்கு இன்னிக்குத்தான் கடைசி."

ருக்மிணி முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டுரை நோட்டுகளை மடியில் அடுக்கினாள். "நீங்க பாருங்கோ," என்றாள் கணவரிடம். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வெயில் வந்ததும் குடையை விரித்தாள்.

"அம்மா," காதர் கிசுகிசுத்தார், "நிழல் தண்ணில விழுது."

குடையை மடக்கிவிட்டுத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டாள்.  எதிர்க்கரையில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டினார். ஒரு மீன்கொத்தி இரண்டு தடவை விழுந்து இரண்டு தடவையும் வெறும் வாயோடு எழுந்தது. ருக்மிணி சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டு திருத்தத் தொடங்கினாள். ஐந்தாவது நோட்டில் 'மழை' பற்றி எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது தக்கை ஒரு நெல் அளவு உயர்ந்தது. இன்னும் ஒரு நெல். பிறகு, தூக்கம் வந்ததுபோல், மெல்லச் சாய்ந்து தண்ணீரில் படுத்தது.

பாலசுப்ரமணியன் சுண்டினார்.

கம்பு வளைந்து அப்படியே நின்றது. இரும்புக் கூடுதான் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு அந்தக் கூடு நகர்ந்தது. ரீல் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டு சுற்ற, நரம்பு தண்ணீரைக் கீறிக்கொண்டு ஏரியின் நடுவுக்குப் போனது.

"போகட்டும், போகட்டும், இழுக்காதீங்க," என்றார் காதர். அடுத்தவர் கம்பைத் தொடக்கூடாது என்பதால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "இடது பக்கம் கூடு இருக்கு. அந்தப் பக்கம் விடாதீங்க. வலத்தால நடங்க. நடங்க சாமி."

பாலசுப்ரமணியன் வெறுங்காலோடு பாறை விளிம்பில் நடந்தார். மீன் இடப்பக்கம் சாய, அவர் வலப்பக்கம் சாய்ந்தார். வாங்கிய நரம்பைவிட விட்டது அதிகம். ஒரு தரம் அது அசையாமல் கீழே நின்றுகொண்டது; நரம்பு வழியாக அதன் தலையாட்டல் மட்டும் உள்ளங்கைக்கு வந்தது. அவரும் நின்றார். தோள் எரிந்தது. அவருக்கும் அதற்கும் ஒரே மூச்சு வாங்கியது.

"ஏன்னா, மெதுவா," என்றாள் ருக்மிணி. நோட்டுகள் அவள் காலடியில் சரிந்திருந்தன.

கடைசியில் அது பக்கவாட்டில் புரண்டு மேலே வந்தது. வெள்ளித் தாம்பாளம்போல் ஒரு பக்கம், பெரிய தலை, கிழவனுடையதுபோல் மேல்நோக்கிய வாய். காதர் கைவலையை நீட்டினார். "எடுத்துப் போடட்டுமா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நீட்டினார். பாலசுப்ரமணியன் வேட்டி நனைய இறங்கி, வலைக்குள் கைவிட்டு, முள்ளை வாயோரத்திலிருந்து கழற்றினார். பிறகு வலையைத் தாழ்த்தச் சொன்னார்.

"சாமி, பத்து கிலோ இருக்கும். விடவா போறீங்க?"

"ஆமாம்."

"கைக்கு சாமி? எதுக்கு விடணும்? இந்த ஏரில இனிமே யாருக்கும் கெடைக்காது. எனக்கு வேணாம், யாருக்காவது..."

"நக்கோ பாய்," என்று ஊர் உருதுவிலேயே வேண்டாம் என்றார்.

அவர் அதன் வாலடியை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்தார். போன் எடுக்கப்போன காதர் எடுக்காமல் நின்றார். மீன் போகவில்லை. செவுள் திறந்து மூடியது. ஒவ்வொரு செதிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது. அதன் கண் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ருக்மிணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்வரை வந்து குனிந்தாள்.

"போகாம இருக்கே?"

"மூச்சு வாங்கறது. தானாப் போகும்."

"அதுவரைக்கும் இப்படியே பிடிச்சிண்டிருக்கணுமா?"

"ஆமாம்."

அவள் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு அருகிலேயே நின்றாள். அவருடைய கைகளுக்கு நடுவில் மீன் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்து, தன் கனத்தைத் தானே வாங்கிக்கொண்டது. வால் ஒருமுறை இடமும் வலமும் அசைந்து பார்த்தது. பிறகு ஒரே அடி. மூன்று பேர் முகத்திலும் தண்ணீர். பச்சை ஆழத்தில் ஒரு நிழல், பிறகு அதுவும் இல்லை.

பாலசுப்ரமணியன் விரல்களை விரித்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தன.

"பாய் எவ்ளோன்னார்?" என்றாள் ருக்மிணி, மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டே.

"பத்து கிலோ."

"பதினொண்ணு இருக்கும்," என்றாள் அவள்.